மறுபடியும் பவளத் தொட்டி: பழைய நாலடியா, ஓடுகிற தொட்டியா, சின்னதா, மூன்றடியா?

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கடல் தொட்டி வைத்திருந்து, பிள்ளை பிறந்ததாலோ வீடு மாறியதாலோ வேலைப்பளுவாலோ எல்லாவற்றையும் யாரிடமாவது கொடுத்துவிட்டோ ஸ்டோரில் போட்டுவிட்டோ நிறுத்திக்கொண்டவர்கள் சிங்கப்பூரில் நிறைய பேர் இருக்கிறோம். இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், சாயங்காலம் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, ஏதோ ஒரு கடையில் நீல வெளிச்சத்துக்குக் கீழே டார்ச் பவளம் ஆடுவதைப் பார்த்ததும் ஆசை திரும்பி வந்துவிடுகிறது. நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன். நம்மைப் போன்றவர்கள் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும். ஸ்டோரில் கிடக்கும் பழைய நாலடித் தொட்டியைக் கழுவி மறுபடி ஓட்டுவது. கரோசல் என்கிற இணையச் சந்தையில் யாராவது விற்கிற, ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியை அப்படியே வாங்குவது. மேசை மேல் வைக்கிற சின்னத் தொட்டி. அப்புறம், கீழே சம்ப் என்கிற வடிகட்டித் தொட்டி வைத்த புதிய மூன்றடித் தொட்டி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலோருக்கு நான்காவதுதான் சரி. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் வீட்டு நிலைமை வேறாக இருந்தால் பதிலும் மாறும்.

பணமும் இடமும் எல்லோரும் யோசிப்பவைதான். நான் அவற்றுக்கும் முன்னால் இரண்டு கேள்விகளை வைக்கிறேன். தண்ணீரின் சூட்டை எப்படி இறக்கப் போகிறீர்கள்? டிசம்பர் பள்ளி விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போனால் தொட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் வாங்கினால், எவ்வளவு நல்ல விளக்கு போட்டாலும் அந்தத் தொட்டி ஒரு வருடம் தாங்குவது கஷ்டம்.

சூட்டிலிருந்தே தொடங்கலாம். ஜன்னல் திறந்திருக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் மதியம் 31, 32 டிகிரி சாதாரணம். பம்பு, விளக்கு தருகிற சூடும் சேர்ந்தால் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். பவளத்துக்கு நாம் வைக்க நினைப்பது 25, 26. நம் தெற்குத் தீவுகளைச் சுற்றியிருக்கும் கடலே சூடாகத்தானே இருக்கிறது, அங்கே பவளம் வாழவில்லையா என்று சிலர் கேட்பார்கள். வாழ்கிறது, சுமார் 250 வகைக் கல் பவளங்கள் சிங்கப்பூர்க் கடலில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் இங்கேயே பிறந்து இந்தச் சூட்டுக்குப் பழகிய அந்தப் பவளங்கள்கூட, வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி அது சில வாரம் நீடித்தால் வெளுத்துப்போகின்றன. 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் அதை நம் கண் முன்னாலேயே பார்த்தோம். கடையில் வாங்குகிற பவளமோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்து, கடைக்காரரின் சில்லர் என்ற கருவி குளிர்வித்த தண்ணீரில் இருந்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வருகிறது. அதற்கு 30 டிகிரி தாங்காது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும், அதனால் இரவில் முதலில் தவிப்பது மீன்கள்.

விசிறியா சில்லரா என்பது பழைய விவாதம். விசிறி நன்றாகவே வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது, அதைச் செய்ய அந்தச் சின்ன விசிறி தின்னும் மின்சாரம் பத்து வாட்கூட இருக்காது. ஆனால் சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் அதிகம், ஆவியாதல் ஓர் அளவோடு நின்றுவிடும். இரண்டு, மிஞ்சினால் மூன்று டிகிரி இறங்கும், தண்ணீர் 28 பக்கத்தில் நிற்கும். மஷ்ரூம், லெதர், ஸோவா போன்ற மென் பவளங்களுக்கு அது போதும். டார்ச், ஹேமர் போன்ற கல் பவளங்கள் வைத்தால் வெயில் காலத்தில் தினமும் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். கிளைவிட்டு வளரும் கல் பவளமான அக்ரோபோராவுக்கு விசிறியை நம்பாதீர்கள்.

விசிறியில் ஒரு நன்மை இருக்கிறது, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. தண்ணீர் நிறைய ஆவியாவதால் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து ஊற்றினால் பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் காரத்தன்மையும் சேர்ந்தே போய்விடும். வெற்றிலைக்குத் தடவுகிற அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் தேக்காவில் விற்கிற வெற்றிலைச் சுண்ணாம்பை வாங்கிப் போடாதீர்கள், சுத்தமான தூளாக வாங்குங்கள். லிட்டருக்கு ஒன்றரை கிராம் வரைதான் கரையும். தெளிந்த நீரை மட்டும், இரவில், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதன் பிஎச் 12க்கு மேல், ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியில் உள்ள உயிரெல்லாம் செத்துப்போகும்.

சில்லர் வாங்குவதென்றால் மின்கட்டணத்தைக் கணக்குப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. யூனிட்டுக்கு ஏறக்குறைய 30 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு குதிரைத்திறன் உள்ள சில்லர் 200 வாட் எடுத்து நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓடினால் மாதம் 54 யூனிட், அதாவது 16 வெள்ளி. அது ஒன்றும் பெரிய தொகை இல்லை. சில்லரை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். தொட்டியிலிருந்து எடுக்கிற சூட்டை அது உங்கள் கூடத்திலேயே கொட்டும். அலமாரிக்குள் வைத்து மூடினால் தான் விட்ட சூட்டுக் காற்றைத் தானே இழுத்து, நாள் முழுக்க நிற்காமல் ஓடும், 54 யூனிட் என்பது சுலபமாக இரட்டிப்பாகும். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி, முன்பக்கம் திறப்பு. முடிந்தால் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடத்துக்குக் குழாய் இழுத்து அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது டிசம்பர். உணவு பெரிய பிரச்சினை இல்லை, தானாக உணவு போடும் கருவி வந்துவிட்டது, மீன்கள் ஒன்றிரண்டு நாள் பட்டினியையும் தாங்கும். ஆபத்து தண்ணீர் மட்டத்திலும் மின்சாரத்திலும்தான். தினமும் இரண்டு லிட்டர் ஆவியானால் இருபது நாளைக்கு நாற்பது லிட்டர் நல்ல தண்ணீர் சேமிப்பில் இருக்க வேண்டும். சில்லர் வைத்திருந்தால் ஆவியாவது பாதியாகும். இந்த ஊரில் மின்சாரம் தடைபடுவது அபூர்வம், ஆனால் பழைய பம்பு ஒன்றில் மின்கசிவு வந்து வீட்டு மின்பெட்டியின் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்துவிட்டால், நீங்கள் திருச்சியில் இருக்கும்போது அதை யார் தூக்கிவிடுவது? வீட்டில் பணிப்பெண் இருந்தால், தம்பி குடும்பம் அதே புளோக்கில் இருந்தால் சரி. இல்லையென்றால் தொட்டி எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எந்தக் கருவியையும் திறக்கத் தெரியாத ஒருவர் மூன்று நாளுக்கு ஒரு முறை வந்து, “எல்லாம் ஓடுதுண்ணே, மீன் இருக்கு, தண்ணி கோட்டுக்கு மேல இருக்கு” என்று போனில் சொல்லிவிட்டுப் போகும்படி இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நாலடித் தொட்டியைப் பார்ப்போம். நீளம் 120, அகலம் 60, உயரம் 60 சென்டிமீட்டர் என்றால் 432 லிட்டர். 12 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் 85 கிலோவுக்கு மேல் வரும். பாறை, மணல், சம்ப், அலமாரி எல்லாம் சேர்த்தால் 650 கிலோ சாதாரணமாகத் தாண்டும், அது முழுக்க முக்கால் சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில் நிற்கிறது. குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற கணக்கில்தான் வழக்கமாக வடிவமைப்பார்கள். அது தளம் முழுவதும் பரவி நிற்கும் பாரத்துக்கான கணக்கு, ஒரு மூலையில் 650 கிலோ வைத்தவுடன் தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. இருந்தாலும் தூண், உத்தரம் எங்கே போகிறது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் வைக்கக் கூடாது. பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

பெரிய தொட்டியின் நன்மையும் உண்மையானதுதான். தண்ணீர் அதிகம், அதனால் சூடும் உப்பும் மெதுவாகத்தான் மாறும். மஞ்சள் டாங், நீல டாங் போன்ற நீந்தித் திரிகிற மீன்களுக்கு நியாயமான இடம் அதில்தான் கிடைக்கும். இந்த மீன்கள்தான் வேண்டும் என்றால் வேறு வழியே இல்லை, நாலடிக்குக் கீழே அவற்றை வைக்காதீர்கள். ஆனால் பழைய நாலடியைப் பழைய மெட்டல் ஹாலைட் விளக்கோடு ஓட்டினால் என்ன ஆகும்? 250 வாட் விளக்கு இரண்டு எட்டு மணி நேரம், அது தண்ணீரில் ஏற்றிய சூட்டை இறக்க 450 வாட் சில்லர் பன்னிரண்டு மணி நேரம், பம்புகள் ஒரு 100 வாட் நாள் முழுக்க. நாளைக்குக் கிட்டத்தட்ட 12 யூனிட், மாதம் 105 வெள்ளிக்கு மேல். எல்இடிக்கு மாற்றினால் 70 வெள்ளி அருகில் இறங்கும். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் 43 லிட்டர், 20 கிலோ உப்பு வாளி மூன்று மாதத்தில் காலி. முப்பது வயதில் அந்த வாளிகளைத் தூக்கியது வேறு, ஐம்பதை நெருங்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் 43 லிட்டரைச் சமையலறையிலிருந்து கூடத்துக்குச் சுமப்பது வேறு.

கண்ணாடித் தொட்டியின் வயதையும் பாருங்கள். பத்து வருடத்துக்கு மேல் காய்ந்து கிடந்த சிலிக்கான் பார்க்க நன்றாக இருக்கும், ஓரம் தூக்கியிருந்தாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. வாசலில் வைத்து ஒரு வாரம் நிரம்பத் தண்ணீர் விட்டுப் பார்க்க வசதி இருந்தால் சரி. வீவக வீட்டில் அந்த வசதி ஏது, சோதனையே கூடத்தில்தான் நடக்கும், கசிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். எனவே பழைய கண்ணாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய சாமான்களில் எதை வைத்துக்கொள்ளலாம்? நல்ல பம்பு என்றால் உள்ளே சுழலும் இம்பெல்லரை மட்டும் மாற்றி, சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினால் இன்னும் பல வருடம் ஓடும், ஆனால் மின்கம்பி விறைத்து வெடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். கழிவை நுரையாக வெளியே தள்ளும் ஸ்கிம்மரும் அப்படியே. உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வைத்துக்கொள்ளலாம், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) சோதனைத் திரவத்தில் அளந்து திருத்திய பிறகு. சோதனைப் பெட்டிகள், கட்டியாகிப்போன உப்பு, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெம்பரேன், எல்லாம் குப்பை. டி5 குழல் விளக்குகள் அழகான வெளிச்சம் தரும், எனக்கு இன்றும் பிடிக்கும், ஆனால் பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின்படி பொது வெளிச்சத்துக்கான ஃபுளோரசன்ட் குழல்களை 2027க்குள் படிப்படியாக நிறுத்துகிறார்கள், மாற்றுக் குழலுக்கு அலைய வேண்டாம். காய்ந்த பழைய பாறையில் செத்த உயிர்களும் பாஸ்பேட்டும் உறைந்திருக்கும். ஊறவைத்து, வெளுப்புத் திரவத்தில் போட்டு, வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றிச் சுத்தம் செய்யப் பொறுமை இருந்தால் எடுங்கள். எந்தப் பாறையையும் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீரும் ஊற்றாதீர்கள். ஸோவா, பாலிதோவா ஒட்டியிருந்த பாறையிலிருந்து கிளம்பும் பாலிடாக்சின் என்ற நச்சு ஆவி குடும்பத்தையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

ஓடுகிற தொட்டியை வாங்குவது பார்க்க மிகவும் கவர்ச்சியாக இருக்கும். யாரோ நாடு மாறுகிறார்கள், புது வீட்டுச் சாவி வந்துவிட்டது, சனிக்கிழமைக்குள் எடுத்துக்கொண்டால் பாதி விலை. பாறை பழுத்திருக்கும், பாக்டீரியா ஊறியிருக்கும், ஊதா நிறப் பாசி படர்ந்திருக்கும், பவளங்கள் கடையில் வாங்கும் விலையில் கால்வாசிக்கு வரும். புதுத் தொட்டி முதல் ஆறு மாதத்தில் படும் பழுப்புப் பாசி, முடிப்பாசித் தொல்லையைப் பெரும்பாலும் தாண்டிவிடலாம். நான்கு வழிகளில் உங்களுக்கு மிக அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான், அதனால் இதை லேசாக ஒதுக்க மாட்டேன்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு முறை பகலில் போங்கள், ஒரு முறை விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் லைட்டோடு போங்கள். பாறை இடுக்கில் கண்ணாடி போல நிற்கும், களையாகப் பரவும் எயிப்டேசியா அனிமோனிகள் எத்தனை, தட்டைப் புழு இருக்கிறதா, மீன்மேல் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று இரவில்தான் தெரியும். அந்த வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணியோடு வாங்கினால், மீன்களை வேறு தொட்டியில் வைத்து மருந்து கொடுத்து, பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் விடுவதுதான் எல்லோரும் சொல்லும் வழி. வீவக வீட்டில் இரண்டாவது தொட்டிக்கு எங்கே இடம்? கல் பவளங்கள் எல்லாம், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதி வேண்டும், இங்கே அதைப் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காக் கழகம். அதனால் விற்பவரிடம் எங்கே வாங்கினார் என்று கேளுங்கள். ஜோகூருக்குப் போனபோது மலிவாகக் கிடைத்தது, பையில் போட்டுக் கொண்டுவந்தேன் என்றால் விலகிவிடுங்கள். நீங்களும் அப்படிக் கொண்டுவராதீர்கள்.

இடம் மாற்றும் நாள்தான் இந்த வழியின் உண்மையான விலை. பழைய மணலை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தால் அடியில் வருடக்கணக்கில் தேங்கிய அழுக்கு கலங்கி அம்மோனியாவாக வெளிவரும், அன்று இரவே மீன் சாகும். மணலை விட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். பாறை காற்றில் காயக் கூடாது. பவளங்களைத் தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும், பழைய தண்ணீரில் பாதியையாவது கொண்டுவர வேண்டும், சில்லரை முதலில் இங்கே பொருத்தித் தண்ணீரைக் குளிரவைத்த பிறகுதான் உயிர்களை இறக்க வேண்டும். லாரி, இரண்டு பேர், லிஃப்ட், மழை வந்தால் வேறு. மூன்றடிக்கு உட்பட்ட தொட்டி என்றால் ஒரு நாளில் முடியும். நாலடி என்றால், இதில் அனுபவமுள்ள இரண்டு நண்பர்கள் கூட வராவிட்டால் நான் தொட மாட்டேன். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இந்த வழியில் வாங்கியதில் தொட்டியையும் பாறையையும் மட்டும் வைத்துக்கொண்டு மீன்களை எல்லாம் விற்பவரிடமே விட்டுவிட்டார். அது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

சின்னத் தொட்டி பற்றிச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வடிகட்டி அறை சேர்த்துக் கட்டிய 60, 80 லிட்டர் தொட்டிகள் இப்போது மிக நன்றாக வருகின்றன. மின்சாரம் மாதம் 15 வெள்ளிக்குள், வாரம் ஒரு வாளி தண்ணீர் மாற்றினால் மருந்து, உரம் எதுவும் வேண்டாம். ஒரு ஜோடி கிளவுன்மீன், ஓர் இறால், ஸோவாக்கள், அவ்வளவுதான். அழகாக இருக்கும். குறை, குறைந்த தண்ணீர். சில்லர் நின்றால் மதியத்துக்குள் 30 டிகிரி, ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் உப்பு ஏறிவிடும். புதிதாகத் தொடங்குபவருக்குச் சின்னது சுலபம் என்று சொல்லி விற்பார்கள், அது விலையில்தான் சுலபம். பெல்டியர் வகைக் குட்டிக் குளிர்விப்பான்களை நம்ப வேண்டாம், மின்சாரத்தைத் தின்கிற அளவுக்குக் குளிர்விக்காது. நீண்ட பயணம் போகாதவர், வாடகை அறையில் இருப்பவர், இரண்டு வருடத்தில் வீடு மாறப் போகிறவர், இவர்களுக்கு நான் சின்னதைத்தான் சொல்வேன்.

இப்போது மூன்றடி. 90க்கு 50க்கு 45 சென்டிமீட்டர், 202 லிட்டர். கீழே அலமாரியில் ஒரு சம்ப், அதில் ஸ்கிம்மர், திரும்ப ஏற்றும் பம்பு, தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத் தானாக நிரப்பும் கருவி. மொத்த எடை நாலடியின் பாதிக்குக் கொஞ்சம் கீழே வரும். 100 வாட் எல்இடி ஒன்பது மணி நேரம், பம்புகள், அலை உண்டாக்கும் கருவி, பத்தில் ஒரு குதிரைத்திறன் சில்லர், எல்லாம் சேர்த்து நாளைக்கு நாலு யூனிட், மாதம் 36 வெள்ளி. வாரம் இருபது லிட்டர் தண்ணீர் மாற்றினால் ஓர் உப்பு வாளி ஆறு மாதம் வரும். தண்ணீரின் அளவு டிசம்பரைத் தாங்கும்: சம்பின் ஓரத்தில் முப்பது லிட்டர் சேமிப்பு, சில்லர் இருப்பதால் ஆவியாவது குறைவு, மூன்று வாரம் போகும். சில்லர் நின்றாலும், விசிறியை 28 டிகிரியில் தானாக ஓடும்படி கூடவே மாட்டியிருந்தால் டார்ச் பவளம் ஒரு வாரம் பிழைத்துக்கிடக்கும். இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி, விசிறி இருபது முப்பது வெள்ளிதானே.

இதில் என்ன வளர்ப்பது? மென் பவளங்களோடு, எல்பிஎஸ் என்று சொல்கிற பெரிய வாய்ப் பவளங்கள்: டார்ச், ஹேமர், பிளாஸ்டோ, அக்கான். காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), கால்சியம் 420, மெக்னீசியம் 1300 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) பக்கத்தில் வைத்தால் போதும். இவை அக்ரோபோரா அளவுக்கு வேகமாகக் கால்சியத்தை உறிஞ்சாது, ஆரம்ப மாதங்களில் தண்ணீர் மாற்றுவதே பற்றாக்குறையை ஈடுகட்டும். வெளிச்சமும் அதிகம் வேண்டாம், பிஏஆர் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி) அளவில் 100, 150 இருந்தால் நன்றாக விரியும். அக்ரோபோரா ஆசை இருந்தால் அதே தொட்டியில் ஒரு வருடம் கழித்து மேல்பாறையில் ஒன்றிரண்டு ஃப்ராக் (வளர்க்கும் சின்னத் துண்டு) வைத்துப் பாருங்கள். நாலடி முழுக்க அக்ரோபோரா என்று திரும்பி வந்த முதல் வருடமே தொடங்குவது, வாரத்துக்குப் பல முறை சோதனை செய்கிற வாழ்க்கைக்குக் கையெழுத்துப் போடுவது.

எந்த வழியில் போனாலும், அன்று கற்றதில் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலாவது, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. அப்போது பெரிய ஸ்கிம்மர், பாஸ்பேட் உறிஞ்சும் துகள், பாக்டீரியாவுக்கு உணவாக வோட்கா சொட்டு என்று பூஜ்யத்தைத் துரத்தினோம். இன்று பூஜ்யமானால்தான் பயப்படுகிறார்கள், ஏனென்றால் இரண்டும் வற்றிய தொட்டியில் டைனோஃப்ளாஜெலேட் என்கிற பழுப்புச் சளி மணலெங்கும் படர்ந்துவிடும், அதை ஒழிப்பது முடிப்பாசியைவிடப் பாடு. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். பாறையும் மாறிவிட்டது. அப்போது கடலிலிருந்து ஈரத்தோடு வந்த உயிர்ப்பாறை, இன்று பெரும்பாலும் காய்ந்த பாறை, பாட்டில் பாக்டீரியா. அம்மோனியா சுழற்சி (அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வளர்ந்து நிலைபெறுவது) சில வாரத்தில் முடிந்துவிடும், ஆனால் காய்ந்த பாறை முதிர்வதற்கு நிறைய மாதம் பிடிக்கும். நண்பரின் பழைய தொட்டியிலிருந்து பூச்சியில்லாத ஒரு பாறைத் துண்டு கிடைத்தால் அது நான்கு பாட்டிலுக்குச் சமம்.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. குளோரின் எதிர்ப்பு மருந்து அதை உடைக்கும், உடைந்ததும் அம்மோனியா மிஞ்சும். கார்பன், ஆர்ஓ, அதற்குப் பிறகு மிஞ்சிய தாதுக்களை நீக்கும் டிஐ ரெசின், இந்த வரிசையில் போன தண்ணீர்தான் வேண்டும். ஆர்ஓ வெளியே தள்ளுகிற தண்ணீர் வீணாகாமல் ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

நல்ல மாற்றங்களும் நிறைய. அப்போது முழுக் கூட்டமாகக் கடலிலிருந்து வெட்டி வந்த பவளத்தை வாங்கினோம். இப்போது சின்னத் துண்டுகளை வாங்கி வளர்க்கிறோம், நண்பர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். கிளவுன்மீன்கள் பண்ணையில் பிறந்தவையே தாராளமாகக் கிடைக்கின்றன. மஞ்சள் டாங்கைக்கூட 2015இல் ஹவாயில் தொட்டியிலேயே பிறக்க வைத்துவிட்டார்கள். பண்ணை மீனுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது எனக்குச் சம்மதம், அது உறைந்த உணவையும் துகள் உணவையும் முதல் நாளே சாப்பிடும், கடலிலிருந்தும் ஒன்று குறையாது. ஒரு வேண்டுகோள், தொட்டி வேண்டாம் என்று முடிவு செய்யும் நாள் வந்தால் மீனைச் செந்தோசாக் கடற்கரையில் விட்டுவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், நம் பாறைத்திட்டுகளுக்கும் கேடு. கடைக்கோ நண்பருக்கோ கொடுத்துவிடுங்கள்.

ஆகவே தரைவீட்டில் இருப்பவர், டாங் மீன்கள்தான் வேண்டும், ஊருக்குப் போனாலும் வீட்டில் விஷயம் தெரிந்த ஆள் உண்டு என்றால் நாலடிக்குப் போங்கள், ஆனால் புதுக் கண்ணாடியும் எல்இடியும் போட்டு. மூன்றடிக்குள் சுத்தமான ஓடுகிற தொட்டி கிடைத்து, விற்பவர் இரவில் வந்து பார்க்க விட்டால், அதை வாங்குவது புதிதாகக் கட்டுவதைவிட நல்லது. மற்ற எல்லோருக்கும் புதிய மூன்றடி.

செலவில் எதை மிச்சம் பிடிப்பது என்றால், அலமாரி, சம்ப், ஸ்கிம்மர், அலைக் கருவி எல்லாம் பழையதாக வாங்கலாம். சில்லரும் தண்ணீர் நிரப்பும் கருவியும் உத்தரவாதத்தோடு புதிதாக வாங்குங்கள், நீங்கள் வீட்டில் இல்லாதபோது தொட்டியைக் காப்பது அவை இரண்டும்தான். விளக்கு அடுத்தது. பவளம் கடைசி.

ஆரம்பிக்கிற மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி போனஸ் வந்த கையோடு நவம்பரில் வாங்கி வைத்துவிட்டு டிசம்பரில் விமானம் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புதுத் தொட்டிக்கு அது மிக மோசமான நேரம், சுழற்சிகூட முடிந்திருக்காது. கண்ணாடியை இப்போதே சொல்லி வைத்துவிடலாம், தண்ணீர் ஊற்றுவது பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பிய பிறகு. அப்படிச் செய்தால் மார்ச்சில் முதல் மீன், ஏப்ரல், மே வெயிலில் சில்லர் தாங்குகிறதா என்று பக்கத்திலிருந்தே பார்க்கலாம், ஜூன் விடுமுறையில் நான்கைந்து நாள் மட்டும் வெளியே போய்த் தண்ணீர் நிரப்பும் கருவியைச் சோதிக்கலாம். டார்ச் பவளத்தை ஜூலையில் வாங்குங்கள்.